எச்.ஐ.வி இருப்பவருக்கு ‘எதிர்ப்பு சக்தி’ பவுடர் உதவுமா? சிடி4 செல்லுக்குள் நடப்பது என்ன?

தாராவியில் இருந்து எம்.எஸ்சி. படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். எச்.ஐ.வி இருக்கும் அவருடைய சித்தப்பா சில வருடங்களாக ஏ.ஆர்.டி, அதாவது வைரஸை அடக்கும் கூட்டு மாத்திரை எடுத்து வருகிறார். வைரல் லோடு டெஸ்ட்டில் வைரஸே தெரிவதில்லை. ஆனால் சிடி4 கவுன்ட் (எச்.ஐ.வி குறிவைக்கும் வெள்ளை அணுக்களான சிடி4 டி செல்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை என்ற கணக்கு) மட்டும் முந்நூறை ஒட்டியே நிற்கிறது. 90 அடி ரோட்டில் தெரிந்தவர் ஒருவர் ‘எதிர்ப்பு சக்தியை ஏற்றும்’ பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்து, மூன்று மாதம் குடித்தால் கவுன்ட் ஏறிவிடும் என்றாராம். “எச்.ஐ.வி செல்களைப் பட்டினி போட்டுக் கொல்கிறதா? அப்படியென்றால் சத்து கொடுத்தால் செல் வளர வேண்டும் அல்லவா? வகுப்பில் வளர்சிதை மாற்றம் பாதிக்கப்படும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்” என்பது அவர் கேள்வி.

முதலில் அவசரமான ஒன்று. அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கால்சியம், இரும்பு, ஜிங்க், மெக்னீசியம் என்று ஏதாவது இருந்தால் ஏ.ஆர்.டி மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். எச்.ஐ.வி செல்லைப் பட்டினி போடுவதில்லை. நன்றாகத் தின்று வளர்ந்துகொண்டிருக்கும் செல்லில்தான் அதற்கு வாழ்வு. தன்னிடம் சிக்காத செல்களையும் ஓய்வில்லாமல் ஓட வைக்கிறது. சிடி4 கவுன்ட் குறைவது இந்த ஓட்டத்தின் விளைவு. ‘சக்தி குறைந்துவிட்டது, ஏற்று’ என்ற எண்ணமே இந்த நோய்க்குப் பொருந்தாது.

ரத்தத்தில் சுற்றும் சிடி4 டி செல்களில் பெரும்பாலானவை எந்த நேரமும் சும்மா இருப்பவை. அகலம் 6, 7 மைக்ரான்தான்; அதிலும் பெரும்பகுதி கரு. கொஞ்சம் குளுக்கோஸ், கொஞ்சம் கொழுப்பு அமிலம் எடுத்து, செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாக எரித்துக் காலம் தள்ளும். தனக்கான கிருமி வந்துவிட்டது என்ற தகவல் கிடைத்ததும் ஒரே நாளில் அதன் போக்கே மாறிவிடும். குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளுட்1 என்ற புரதம் செல்லின் மேற்பரப்பில் குவியும். வளர்ச்சிக்கு உத்தரவு கொடுக்கும் எம்டார் என்ற நொதி முழு வேகத்தில் இயங்கும். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை அள்ளி அள்ளி எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல், பெரும்பகுதியை லாக்டேட்டாக வெளியே தள்ளிவிடும். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், இந்த வழியில் 2 மட்டுமே. பார்த்தால் வீண் செலவு. ஆனால் இரண்டாகப் பிரியப்போகும் செல்லுக்கு எரிபொருளைவிடக் கட்டுமானப் பொருள் முக்கியம். குளுக்கோஸ் உடையும் வழியில் பிரியும் துண்டுகளைக் கொண்டுதான் டிஎன்ஏவும் கொழுப்பும் புரதமும் கட்டப்படுகின்றன. புற்றுநோய் செல்களில் இதே நடத்தையை ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

இதை நேரில் பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பரேல் பக்கம் எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது இரண்டு பிளாஸ்க்குகளை. ஒரே ரத்தத்தில் பிரித்த டி செல்கள், ஒரே வளர்ப்புத் திரவம். திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும்; சாதாரணமாக ரோஸ் கலந்த சிவப்பு, அமிலம் கூடினால் மஞ்சள். ஒன்றை அப்படியே விட்டுவிடுவோம், இன்னொன்றில் செல்களைத் தூண்டிவிடும் ஆன்டிபாடிகளைச் சேர்ப்போம். மூன்றாம் நாள் இன்குபேட்டரைத் திறந்தால் முதல் பிளாஸ்க் வைத்த நிறத்திலேயே இருக்கும். இரண்டாவது ஆரஞ்சுக்குத் திரும்பி மஞ்சளைத் தொட்டிருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் உப்பி, திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மஞ்சள் பெரும்பாலும் லாக்டேட்டோடு வெளியேறிய அமிலத்தின் வேலை.

எச்.ஐ.விக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது பிளாஸ்க் செல். வைரஸின் மரபுப் பொருள் சுமார் 9,700 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ. உள்ளே நுழைந்ததும் அதை இரட்டை இழை டிஎன்ஏவாக மாற்றியாக வேண்டும். இரண்டு இழைக்கும் சேர்த்து ஏறக்குறைய 20,000 டிஎன்ஏ எழுத்துகள் வேண்டும். வைரஸ் கொண்டுவருவது நகலெடுக்கும் நொதியை மட்டும். எழுத்துகளைச் செல்தான் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் இட்லிக்காரர் வீட்டுக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நூறு இட்லி கேட்டால் என்ன கிடைக்கும்? மாவு அரைத்திருக்காது, அடுப்பு எரியாது. விடிகாலை நாலு மணிக்குப் போனால் தட்டுத் தட்டாக இறக்கிக்கொண்டிருப்பார்கள். ஓய்வில் இருக்கும் செல் அந்த மூன்று மணி வீடு. அதிலும் சாம்எச்டி1 என்ற நொதி, மிச்சம் மீதி டிஎன்ஏ எழுத்துகளையும் உடைத்துத் துடைத்து வைத்திருக்கும். இந்த நொதிதான் எச்.ஐ.வியைத் தடுக்கிறது என்று 2011-இல் மேக்ரோஃபேஜ் வகைச் செல்களில் கண்டுபிடித்தார்கள், மறு ஆண்டே ஓய்வு டி செல்களிலும் அது உறுதியானது. செல் பிரியத் தயாராகும்போது சாம்எச்டி1 மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்பட்டு அதன் தடுப்பு வேலை நின்றுவிடும். அப்போது கதவு திறந்த மாதிரிதான்.

அப்படியென்றால் ஓய்வில் இருக்கும் செல்கள் தப்பித்துவிட வேண்டும். தப்பிக்கவில்லை. இந்த நோயில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போவதும் இதையேதான்.

ஓய்வு செல்லுக்குள் நுழைந்த வைரஸ் நகலெடுக்க ஆரம்பிக்கும், எழுத்து போதாமல் பாதியில் நிற்கும். அரைகுறை டிஎன்ஏ கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் கிடக்கும். டிஎன்ஏ இருக்கக் கூடாத இடம் அது. ஐஎஃப்ஐ16 என்ற உணரி அதைப் பிடித்து அபாய மணி அடிக்கும், காஸ்பேஸ்-1 என்ற நொதி விழிக்கும், செல் தன்னைத் தானே வெடித்துக்கொண்டு சாகும். சத்தமில்லாமல் சுருங்கிச் சாகும் அபாப்டோசிஸ் அல்ல இது, பைரோப்டோசிஸ். உள்ளே இருந்த அழற்சிப் பொருள்கள் எல்லாம் வெளியே கொட்டும். அதைப் பார்த்து மேலும் சிடி4 செல்கள் அந்த இடத்துக்கு ஓடி வரும். வந்த செல்களுக்கும் அதே கதி. சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் வார்னர் கிரீன் குழு 2014-இல் இதை வெளியிட்டது. டான்சில், மண்ணீரல் திசுக்களில் அவர்கள் பார்த்தபோது, இறந்த சிடி4 செல்களில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி வைரஸ் உற்பத்தியே நடக்காத செல்கள். அதாவது வைரஸ் தின்று தீர்த்ததைவிட, அதற்கு இடம் கொடுக்காததால் செத்தவை அதிகம்.

இந்த அழற்சி ஒரு இடத்தோடு நிற்பதில்லை. நம் உடம்பின் சிடி4 செல்களில் பெரும்பங்கு குடல் சுவரில் இருக்கிறது. அவற்றில் பல எப்போதும் விழித்த நிலையில், வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 என்ற ஏற்பியோடு இருப்பவை. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே அந்தக் கூட்டம் சரிந்துவிடும். காவல் குறைந்த குடல் சுவரில் கசிவு ஏற்பட்டு, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். 2006 முதல் இது நன்றாக அறியப்பட்ட விஷயம். ரத்தத்தில் பாக்டீரியாத் துணுக்கு இருந்தால் எதிர்ப்பு செல்கள் தூங்குமா? ஊரெல்லாம் விழித்துக்கொள்ளும். விழித்த செல் வைரஸுக்குப் புதிய இரை. 2014-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள், சிகிச்சை பெறாதவர்களின் சிடி4 செல்களில் குளுட்1 தாங்கியவற்றின் விகிதம் கூடியிருப்பதையும், அது கூடக் கூட சிடி4 எண்ணிக்கை இறங்குவதையும் காட்டினார்கள். ஏ.ஆர்.டி எடுப்பவர்களிடமும் இது முழுமையாக இயல்புக்கு வந்துவிடவில்லை. குளுக்கோஸ் தாகம் அதிகம், ஆள் குறைவு. பட்டினிக் கதை பொருந்தாது என்று சொன்னது இதனால்தான்.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் 2019-இல் இன்னும் கறாராகக் கேட்டது: வைரஸ் தேர்ந்தெடுப்பது ‘விழித்த’ செல்லையா, ‘தின்னும்’ செல்லையா? மேற்பரப்புக் குறிகளை வைத்து விழிப்பைக் கணக்கிட்டதைவிட, குளுக்கோஸையும் ஆக்ஸிஜனையும் எவ்வளவு செலவழிக்கிறது என்பதே தொற்றுக்கு ஆளாகும் செல்லை நன்றாக அடையாளம் காட்டியது. குளுக்கோஸ் பாதையை அடைக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் என்ற பொருளை வளர்ப்புத் திரவத்தில் சேர்த்தபோது வைரஸ் பெருக்கம் குறைந்தது, தொற்றிய செல்கள் இறந்தன. இதைப் படித்துவிட்டுச் சர்க்கரையை நிறுத்தினால் எச்.ஐ.வி போகும் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். பிளாஸ்க்கில் நடந்ததற்கும் சாப்பாட்டில் இனிப்பைக் குறைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. நாம் என்ன சாப்பிட்டாலும் ரத்த குளுக்கோஸை உடம்பு ஒரு அளவில் நிறுத்தி வைத்துவிடும்.

வைரஸ் தன் பங்குக்கும் செல்லைத் திருத்தி அமைக்கும். விபிஆர் என்ற அதன் புரதம், செல் இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன், ஜி2 கட்டத்திலேயே நிறுத்திவிடும். டிஎன்ஏ இரட்டித்து, எல்லாச் சாமான்களும் தயாராக இருக்கும் கட்டம் அது. வைரஸின் மரபணுக்கள் சுறுசுறுப்பாக இயங்குவதும் அப்போதுதான். வளர்ச்சி உண்டு, பிரிவு கிடையாது. விபியூ என்ற இன்னொரு புரதம், அலனின் என்ற அமினோ அமிலத்தை உள்ளே கொண்டுவரும் வாசலை மேற்பரப்பில் இருந்து அகற்றுகிறது. அந்த வாசல் இல்லாத டி செல்லுக்குப் பெருக்கம் மட்டுப்படும். இப்படி உற்பத்தியில் இறங்கிய செல்லின் அரை ஆயுள் ஒன்றரை, இரண்டு நாள்தான். 1995, 96-இல் வந்த கணக்குகளின்படி, சிகிச்சை இல்லாத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகின்றன. அதுவரை எச்.ஐ.வி பல வருடம் தூங்கும் வைரஸ் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

தொற்றிய செல்லைக் கொல்ல வேண்டிய சிடி8 செல்களின் கதை வேறு. நாள்பட்ட சண்டையில் அவற்றின் மேல் பிடி-1 என்ற தடைக்குறி ஏறி, குளுக்கோஸ் பயன்பாடு மட்டுப்பட்டு, மைட்டோகாண்ட்ரியா சோர்ந்து, பிரியும் திறனும் கொல்லும் திறனும் குறைந்துபோகும். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வமானவர்கள் சிலர் உண்டு. அவர்களின் சிடி8 செல்கள் குளுக்கோஸை மட்டும் நம்பியிருப்பதில்லை, மைட்டோகாண்ட்ரியாவையும் கொழுப்பு அமிலத்தையும் பயன்படுத்தி எந்த நிலைமையிலும் வேலை செய்கின்றன. தேர்வுக்கு எழுதுவதானால் டிரிப்டோபேன் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அழற்சியில் ஐடிஓ என்ற நொதி டிரிப்டோபேனைக் கைனுரெனினாக உடைப்பதால், குடலைக் காக்கும் டிஎச்17 செல்கள் மேலும் குறையும்.

மருந்தும் வளர்சிதை மாற்றத்தில் கை வைத்த காலம் ஒன்று இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச ஏ.ஆர்.டி தொடங்கியபோது முதல் 8 மையங்களில் நம் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியும் ஒன்று. அன்றைக்குக் கொடுத்த ஸ்டாவுடின், வைரஸின் நொதியோடு சேர்த்து மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியையும் தொந்தரவு செய்தது. கன்னம் ஒட்டிப்போவது, பாதம் எரிவது, சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவது எல்லாம் அதனால்தான். சித்தப்பா வயதுக்காரர்கள் ‘அந்த மாத்திரை ஆளை உருக்கிவிடும்’ என்று பயப்படுவதற்குக் காரணம் இந்தப் பழைய அனுபவம். இப்போதைய மாத்திரைகளில் அந்த மருந்து கிடையாது.

இனி சித்தப்பாவின் முந்நூறு. வைரஸ் அடங்கிய பிறகும் கவுன்ட் ஏறாமல் இருப்பது அபூர்வமல்ல. ஆரம்பிக்கும்போது கவுன்ட் எவ்வளவு கீழே போயிருந்தது என்பதுதான் முதல் கேள்வி. புது டி செல்கள் வரும் தைமஸ் சுரப்பி, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். நிணநீர்க் கணுக்களில் வருடக்கணக்கில் நடந்த அழற்சி, தழும்பு மாதிரி நார்த்திசுவை விட்டுச் சென்றிருக்கும். டி செல் உயிரோடிருக்கத் தேவையான ஐஎல்-7 என்ற புரதத்தைக் கொடுப்பது அந்தக் கணுக்களில் உள்ள வலைச் செல்கள். நார் படிந்த இடத்தில் அவையும் குறைவு. பவுடரில் வரும் புரதம் இந்தத் தழும்பைக் கரைக்காது.

‘செல்லை வளர வைத்தால் என்ன?’ என்ற உங்கள் கேள்வி இருக்கிறதே, அதை மருத்துவ உலகம் பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டது. டி செல்லைப் பிரிந்து பெருகச் சொல்லும் ஐஎல்-2 என்ற இயற்கைப் புரதத்தையே ஊசியாகப் போட்டார்கள். எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு சோதனைகள், இரண்டிலும் சேர்த்து 5,800 பேர், பல வருடக் கண்காணிப்பு. எஸ்பிரிட்டில் ஐஎல்-2 பெற்றவர்களின் சிடி4, பெறாதவர்களைவிடச் சராசரியாக 150க்கும் மேல் கூடுதலாக இருந்தது. 2009-இல் முடிவு வந்தபோது நோயிலும் மரணத்திலும் எந்தப் பலனும் இல்லை. எண்ணிக்கை ஏறியது, பாதுகாப்பு ஏறவில்லை. இதற்கு மாறாக, கவுன்ட் 500க்கு மேல் இருக்கும்போதே ஏ.ஆர்.டியைத் தொடங்கிப் பார்த்த ஸ்டார்ட் என்ற சோதனை 2015-இல் கடும் நோயும் மரணமும் பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. வைரஸை அடக்கினால் ஓட்டம் அடங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். கவுன்ட் எவ்வளவாக இருந்தாலும் மாத்திரை என்ற முறை இந்தியாவில் 2017-இல் வந்தது இதையொட்டித்தான்.

வளர்ச்சியைத் தூண்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து எடுப்பவர் உடம்பிலும் ஏறக்குறைய பத்து லட்சம் ஓய்வு சிடி4 செல்களில் ஒன்றில் வைரஸ் டிஎன்ஏ உயிர்ப்போடு ஒளிந்திருக்கும். இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்றரை, நாலு வருடம் ஆகும். தானாகத் தீர 60 ஆண்டுக்கு மேல் வேண்டும். ஏன் இவ்வளவு மெதுவாக? ஒளிந்திருக்கும் செல்லில் வைரஸ் வாயைத் திறப்பதில்லை, விபிஆரும் உருவாவதில்லை. அதனால் அந்தச் செல் எல்லாச் செல்களையும் போல இரண்டாகப் பிரியும், உள்ளே இருக்கும் வைரஸும் சேர்ந்தே இரண்டாகும். பிஏசிஎச்2 போன்ற சில மரபணுக்களுக்குள் வைரஸ் செருகிக்கொண்ட செல்கள் குலம் குலமாகப் பெருகியிருப்பதை 2014-இல் இரண்டு குழுக்கள் காட்டின. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பி வருவது இந்தச் சேமிப்பில் இருந்துதான்.

டப்பாவுக்கு வருகிறேன். கொரோனாவுக்குப் பிறகு பிஸ்கட் பாக்கெட்டில்கூட ‘இம்யூனிட்டி’ என்று அச்சடிக்கிறார்கள், தெருவில் இதை விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் பால் புரதமும் விட்டமினும்தான் இருக்கும். அது செல்லைத் தூண்டிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, கவுன்ட்டை ஏற்றும் என்று நம்பவும் வேண்டியதில்லை. ஆபத்து வேறு இடத்தில். இன்று பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கும் டி.எல்.டி என்ற மூன்று மருந்து சேர்ந்த ஏ.ஆர்.டி மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. கால்சியம், இரும்பு, ஜிங்க், மெக்னீசியம் போன்ற உலோக அயனிகள் வயிற்றில் அதோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது மாத்திரைக்கு ஆறு மணி நேரம் முன்பு இவற்றை எடுத்தால் பிரச்சினை இல்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்துகளுக்கும் இதே விதி. அடங்கியிருக்கும் வைரஸை அடங்காமல் போக வைக்கக் கூடிய ஒரே விஷயம் அந்த டப்பாவில் இதுதான்.

எடை இறங்கியிருந்தால் சாப்பாடு கூட வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. அறிகுறி இல்லாதவருக்கே ஆற்றல் தேவை சுமார் 10 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு முட்டை, கருவாடு, பருப்பு, கடலை போதும். டப்பாவின் விலைக்கு ஒரு மாத முட்டை வாங்கிவிடலாம்.

அடுத்த முறை ஏ.ஆர்.டி சென்டருக்குப் போகும்போது சித்தப்பாவோடு நீங்களும் போங்கள். டப்பாவையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். சிடி4 350க்குக் கீழ் இருப்பவர்களுக்கு, வேறு தொற்றுகள் வராமல் தடுக்க கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை கொடுப்பது தேசியத் திட்டத்தின் வழக்கம். அது தொடர்கிறதா என்று கேளுங்கள். டிபி தடுப்பு மாத்திரை முடித்தாரா என்பதையும் கேளுங்கள், தாராவி மாதிரி நெருக்கமான இடத்தில் இது கவுன்ட்டைவிட முக்கியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரானால் அதையும் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால், வழக்கமாக நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போக விடமாட்டார்கள். இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, இந்த நாலில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.